கார் பார்க் கடிதம்: பயந்து கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம்

வாசகர் கேள்வி:

வணக்கம் அக்கா. நாங்கள் லண்டன் ஹரோவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கார் என் பெயரில் இருக்கிறது. இந்த மாதம் 4ஆம் திகதி சனிக்கிழமை தம்பி காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள ரீட்டெயில் பார்க்குக்கு (கடைத்தொகுதிக்கு) போனார். காலையில் சாமான் வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார். அம்மாவின் மருந்தை எடுக்க மறந்துபோனதால் மத்தியானம் திரும்பவும் ஒருதடவை போய்வந்தார். அங்கே கார் நிறுத்த இரண்டு மணித்தியாலம் இலவசம். 22ஆம் திகதி புதன்கிழமை தபாலில் எனக்கு ஒரு 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' வந்திருக்கிறது. கடிதத்தின் மேலே 20ஆம் திகதி என்று போட்டிருக்கிறார்கள். கார் உள்ளே போகும் படம் ஒன்று, வெளியே வரும் படம் ஒன்று. மொத்தம் 4 மணி 10 நிமிடம் நின்றதாம். 100 பவுண்ட் கட்டவேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்ட். மாமா, "இது தனியார் கம்பனி, ஒன்றும் செய்யமாட்டார்கள், கிழித்துப் போடு" என்கிறார். கணவரோ 60 பவுண்டைக் கட்டித் தொலைப்போம் என்கிறார். நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பதால், பொலிஸ் பிரச்சினையாகிவிடுமோ என்று அவருக்குப் பயம். யார் சொல்வதைக் கேட்பது?

சட்டத்தரணியின் பதில்:

அன்பான தங்கச்சிக்கு, நீங்கள் இந்தக் காசைக் கட்டவேண்டியதில்லை என்பதுதான் என் கணிப்பு. அதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் மாமா சொன்னபடி கிழித்துப் போட்டால் அந்த இரண்டு காரணமும் உங்களுக்கு உதவாமல் போய்விடும். பதில் எழுதவேண்டும், காலக்கெடுவுக்குள் எழுதவேண்டும், எழுதும் சொற்களில் கவனமாக இருக்கவேண்டும்.

முதலில் கணவரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கவுன்சில் தருவது 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்'. உங்களுக்கு வந்திருப்பது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. இரண்டையும் சுருக்கினால் பிசிஎன் என்றுதான் வரும். கடிதத்தின் தோற்றத்தையும் தனியார் கம்பனிகள் அரசாங்கக் கடிதம் போலவே அமைத்துக்கொள்கின்றன. ஆனால் கவுன்சில் தருவது சட்டத்தின் கீழ் விதிக்கும் தண்டம். தனியார் கம்பனி அனுப்புவது ஒரு பில். "எங்கள் காணியில் போட்டிருந்த பலகையில் எழுதிய நிபந்தனையை ஏற்றுக் காரை விட்டீர்கள், அதை மீறினீர்கள், ஆகவே இந்தத் தொகையைத் தாருங்கள்" என்பதே அதன் பொருள். இதில் பொலிஸுக்கு ஒரு வேலையும் இல்லை. இது குற்றமல்ல, லைசென்ஸில் புள்ளி விழாது, குற்றப் பதிவில் ஏறாது. கவலைப்படவேண்டிய இடம் வேறு. இந்தப் பில் நீதிமன்றம் வரை போய், நீங்கள் பதில் சொல்லாமல் இருந்து, உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு விழுந்தால் அது சிசிஜே எனப்படும் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவாகும். வீட்டுக் கடன் கேட்கும்போது அது கண்ணில் படும். குடியுரிமை விண்ணப்பத்திலும் சிவில் தீர்ப்புகள் பற்றிக் கேட்பார்கள். அந்த நிலைக்குப் போகவிடாமல் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அது கடினமும் அல்ல.

மாமாவையும் குறை சொல்லமாட்டேன். அவர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2012 ஒக்டோபர் 1ஆம் திகதிக்கு முன் தனியார் கம்பனி யாரிடம் காசு கேட்கலாம் என்றால், காரை ஓட்டியவரிடம் மட்டும்தான். ஓட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, காரின் பதிவில் உள்ளவர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. கடிதங்கள் வரும், குப்பைக்குப் போகும், விஷயம் அத்தோடு முடியும். அந்தக் கம்பனிகளின் உண்மையான ஆயுதம் சக்கரத்தில் மாட்டும் கிளாம்ப். 2012இல் வந்த 'புரட்டெக்‌ஷன் ஒஃப் ஃப்ரீடம்ஸ்' சட்டம் தனியார் காணிகளில் கிளாம்ப் போடுவதைத் தடைசெய்தது. அதே சட்டத்தின் நான்காவது அட்டவணை கம்பனிகளுக்கு ஒரு புது உரிமையையும் கொடுத்தது: ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், காரின் பதிவில் உள்ள 'கீப்பர்' மேல் அந்தக் கடனைச் சுமத்தலாம். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய விதி. ஸ்கொட்லாந்திலோ வட அயர்லாந்திலோ உள்ள உறவினருக்கு இந்தப் பதிலைக் காட்டும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் காலத்தில் இருந்த இன்னொரு வாதமும் இப்போது இல்லை. "இலவசக் கார் பார்க்கில் கொஞ்சம் கூட நின்றதால் அவர்களுக்கு என்ன நட்டம்? இவ்வளவு காசு கேட்பது அநியாயம்" என்று முன்பு வாதாடினார்கள். செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணித்தியாலம் இலவசமான ஒரு ரீட்டெயில் பார்க்கில் 56 நிமிடம் கூட நின்றதற்காக 85 பவுண்ட் கேட்ட 'பார்க்கிங் ஐ எதிர் பீவிஸ்' வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பர் 4ஆம் திகதி தீர்ப்பு கம்பனிக்குச் சாதகமாக வந்தது. அந்தக் கார் பார்க்கை நடத்தும் உரிமைக்காகக் கம்பனி காணிச் சொந்தக்காரருக்கு வாரம் 1,000 பவுண்ட் கட்டிக்கொண்டிருந்தது. அதன் வருமானம் முழுவதும் இப்படி நேரம் தவறியவர்களிடமிருந்துதான் வந்தது. அதையெல்லாம் அறிந்துகொண்டே, இடம் எல்லோருக்கும் கிடைக்கும்படி வாகனங்கள் மாறி மாறி வரவைப்பதில் ஒரு நியாயமான நோக்கம் இருக்கிறது, 85 பவுண்ட் அதற்கு மிஞ்சியதல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அந்த முடிவில் மனநிறைவு இல்லை. ஆனால் நாட்டின் சட்டம் அதுதான். ஆகவே "தொகை கூடிப்போச்சு" என்று மட்டும் எழுதி அனுப்பும் முறையீடு எங்கும் எடுபடாது. அதே தீர்ப்பில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அந்தக் கார் பார்க்கில் பலகைகள் பெரிதாக, தெளிவாக, பல இடங்களில் இருந்தன என்பதை நீதிபதிகள் முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். பலகை மங்கலாக, உயரத்தில், பொடி எழுத்தில் இருக்கும் இடத்துக்கு அந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்து ஒட்டமுடியாது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். கீப்பர் மேல் கடனைச் சுமத்தும் உரிமையைச் சட்டம் கம்பனிக்குச் சும்மா கொடுக்கவில்லை. நிபந்தனைகள் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது. காரின் கண்ணாடியில் ரிக்கெற் ஒட்டாமல் கமராவை மட்டும் வைத்துத் தபாலில் அனுப்பினால், அந்த நோட்டீஸ் கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் கீப்பரின் கையில் கிடைத்திருக்கவேண்டும். 14 நாளுக்குள் அனுப்பினால் போதாது, கிடைக்கவேண்டும். தபாலில் போட்டதிலிருந்து இரண்டாவது வேலைநாளில் அது கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் திகதிகளை எண்ணிப் பாருங்கள். கார் நின்றது 4ஆம் திகதி. 5ஆம் திகதியிலிருந்து எண்ணினால் 14ஆவது நாள் 18ஆம் திகதி. கடிதத்தில் உள்ள திகதியே 20. அதாவது கெடு முடிந்தபிறகுதான் கடிதத்தை அச்சடித்திருக்கிறார்கள். அன்றே தபாலில் போட்டிருந்தாலும் சட்டப்படி உங்களுக்குக் கிடைத்த நாள் 22. அன்றுதான் வந்தது என்று நீங்களும் சொல்கிறீர்கள். ஆகவே கீப்பர் என்ற முறையில் உங்களிடம் இந்தக் காசைக் கேட்கும் உரிமை கம்பனிக்கு இல்லாமல் போய்விட்டது. அவர்களால் இனிக் கேட்கமுடிந்த ஒரே ஆள், காரை ஓட்டியவர். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயிடம் இரண்டரைப் பவுண்ட் கட்டி வாங்கிய உங்கள் பெயரும் விலாசமும்தான் அவர்களிடம் இருப்பது. (கண்ணாடியில் ரிக்கெற் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது கீப்பருக்கான நோட்டீஸ் 29ஆம் நாளுக்கும் 56ஆம் நாளுக்கும் இடையில் வரவேண்டும். வேறு வாசகர்களுக்கு உதவும் என்று சொல்லிவைக்கிறேன்.)

இந்தக் காரணத்தை உங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்ள ஒரு வரி போதும். "அன்றைக்கு என் தம்பிதான் கார் ஓட்டினார், அவர் இரண்டு தடவை போனார்" என்று எழுதினீர்களோ, அந்த நிமிடமே கம்பனிக்கு ஆள் கிடைத்துவிடும். அடுத்த கடிதம் தம்பியின் பெயருக்கு வரும், 14 நாள் கணக்கும் செல்லாது. எங்கள் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். நேர்மையாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் நடந்தது முழுவதையும் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். பொய் சொல்லுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்லவேண்டும். ஆனால் வேகக் கமராவில் பிடிபட்ட காரை ஓட்டியவர் யார் என்று பொலிஸ் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்பது போன்ற கட்டாயம், தனியார் கார் பார்க் கம்பனி கேட்கும்போது கிடையாது. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. சொல்லாமல் விட உங்களுக்கும் உரிமை உண்டு.

இரண்டாவது காரணம் அந்த இரண்டு பயணம். இது இந்தக் கமராக்களின் பழைய நோய். காலையில் கார் உள்ளே போகும் படத்தை எடுத்த கமரா, வெளியே வந்ததைத் தவறவிட்டிருக்கும். முன்னால் ஒரு வான் மறைத்திருக்கலாம், நம்பர் தட்டில் வெயில் பட்டிருக்கலாம். மத்தியானம் உள்ளே போனதும் அப்படியே தவறியிருக்கும். கணினி முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் ஒட்டி நாலு மணித்தியாலம் என்று கணக்குப் போட்டுவிடும். படங்களை ஒரு ஆள் பார்த்துச் சரிபிடித்த பிறகே நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்று இந்தத் துறையினரின் சொந்த விதிமுறைக் கோவையே சொல்கிறது. அப்படி ஒருவர் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

இதற்கு ஆதாரம் தேடவேண்டும். கடை ரசீது இரண்டும் இருந்தால் மிக நல்லது. அதில் நேரம் அச்சிட்டிருக்கும். ரசீது இல்லாவிட்டால் கடையின் பொயிண்ட்ஸ் காட் கணக்கில் வாங்கிய விபரம் இருக்கும். மருந்தகம் மருந்தைக் கொடுத்த நேரத்தைப் பதிவில் பார்த்துச் சொல்லக்கூடும். உங்கள் வீட்டு வாசலில் பெல் கமரா இருந்தால் இடையில் கார் வீட்டில் நின்ற காட்சி அதில் பதிந்திருக்கும். அப்படிப் பதிந்தவற்றில் பல, சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், ஆகவே இன்றே எடுத்துச் சேமியுங்கள். ஒரு கவனம்: வங்கிக் கணக்கு அறிக்கையில் தம்பியின் பெயர் இருக்கும். அதை அனுப்பவேண்டாம். கடை ரசீதில் பெயர் இராது, அது போதும். இவற்றோடு, அன்று உங்கள் கார் நம்பர் பதிவான எல்லாக் கமராப் படங்களையும் தரும்படி கம்பனியிடம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். இடையில் ஒரு படம் இருந்தால், உதாரணமாக 11 மணிக்குக் கார் வெளியே போகும் படம், விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

முறையீட்டைக் கம்பனியின் இணையத்தளத்தில் போடுங்கள். தொலைபேசியில் கதைக்கவேண்டாம். வாயால் சொன்னதற்கு உங்களிடம் பதிவு இராது, அவர்களிடம் இருக்கும். படிவத்தில் "நீங்கள் யார்" என்று கேட்டு டிரைவர், கீப்பர் என்று தெரிவுகள் வரும். கீப்பரைத்தான் அழுத்தவேண்டும். அவசரத்தில் முதலில் இருப்பதை அழுத்திவிட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அனுப்புமுன் திரையைப் படம் பிடித்து வையுங்கள், அனுப்பிய பின் வரும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். கடிதத் திகதியிலிருந்து 28 நாளுக்குள் போடவேண்டும். என்றாலும் முதல் 14 நாளுக்குள் போடுவதே நல்லது. அப்படிப் போட்டால், முறையீட்டை நிராகரித்தாலும் 60 பவுண்ட் சலுகையை இன்னொரு 14 நாளுக்குத் தரும் வழக்கம் இருக்கிறது. முறையிட நினைத்தால் ஒரு சதமும் கட்டக்கூடாது. கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு முறையீடு இல்லை.

என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். இந்தக் கருத்தை எளிய ஆங்கிலத்தில் போட்டால் போதும்:

"நான் இந்த வாகனத்தின் பதிவுபெற்ற கீப்பர். உங்கள் நோட்டீஸ் இன்ன திகதியில் நடந்ததாகச் சொல்லும் நிகழ்வுக்கு இன்ன திகதியில் அனுப்பப்பட்டிருக்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது அட்டவணை, ஒன்பதாவது பத்தி கூறும் 14 நாளுக்குள் அது எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கீப்பர் என்ற முறையில் எனக்குப் பொறுப்பு இல்லை. நான் வாகனத்தை ஓட்டவில்லை. ஓட்டியவரின் பெயரைத் தரும் கடமை எனக்கில்லை, தரவும் மாட்டேன். இதற்கு மேலாக, வாகனம் அன்று இரண்டு தடவை வந்துபோயிருக்கிறது. நேரம் குறித்த ரசீதுகளை இணைத்துள்ளேன். நோட்டீஸை இரத்துச் செய்யுங்கள், அல்லது சுயாதீன முறையீட்டுக்கான இலக்கத்தைத் தாருங்கள்."

அவ்வளவுதான். அம்மாவின் வருத்தம், வேலைப் பளு, காசுக் கஷ்டம் எதுவும் தேவையில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஆள் அதையெல்லாம் எடைபோட இருக்கவில்லை. மனிதரிடம் சொல்லவேண்டியதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. ரசீதுகளோடு அந்தக் கடைக்கு நேரே போய் மனேஜரைச் சந்தியுங்கள். கார் பார்க் கம்பனியை அமர்த்தியது கடைக்காரரோ அந்தக் காணியின் நிர்வாகமோதான். வாடிக்கையாளரை இழக்க அவர்களுக்கு விருப்பம் இராது. மனேஜர் ஒரு மின்னஞ்சல் போட்டு நோட்டீஸை இரத்துச் செய்யவைத்த விஷயங்கள் பல. நமது ஆட்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. அங்கே காசு செலவழித்தவர்கள் நீங்கள்.

கம்பனி நிராகரித்தால் மனம் தளரவேண்டாம். முதல் முறையீட்டை விசாரிப்பது அதே கம்பனிதான், நிராகரிப்பது அவர்களுக்குச் சுலபம். அடுத்த கட்டம் சுயாதீன முறையீடு. கடிதத்தின் அடியில் எந்தச் சங்கத்தின் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். டிவிஎல்ஏயிடம் விலாசம் வாங்கவேண்டுமானால் இரண்டு சங்கங்களில் ஒன்றில் கம்பனி உறுப்பினராக இருக்கவேண்டும். பிபிஏ என்றால் முறையீடு 'பொப்லா'வுக்குப் போகும், நிராகரித்த நாளிலிருந்து 28 நாள் அவகாசம். ஐபிசி என்றால் 'ஐஏஎஸ்' என்ற சேவைக்குப் போகும், அவகாசம் 21 நாள். இரண்டும் உங்களுக்கு இலவசம். பொப்லாவில் திகதிக் கணக்கு மாதிரியான சட்டக் காரணங்களுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. ஐஏஎஸ் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என்றாலும், எந்தப் பக்கம் போனாலும் நீங்கள் வென்றால் கம்பனி அதற்குக் கட்டுப்படவேண்டும். தோற்றால் நீங்கள் கட்டுப்படவேண்டியதில்லை. 60 பவுண்ட் சலுகை போய்விடும் என்பது மட்டும்தான் இழப்பு.

அதன் பிறகும் விடாவிட்டால் வருவதுதான் கடன் வசூலிப்பவர்களின் கடிதங்கள். இவைதான் நம்முடைய ஆட்களைப் பயமுறுத்திக் காசு கட்டவைப்பவை. சிவப்பு எழுத்தில் இறுதி எச்சரிக்கை என்று இருக்கும், 100 பவுண்ட் 170 ஆகியிருக்கும், கம்பனியின் பெயர் மாறி மாறி வரும். இவர்கள் நீதிமன்ற உத்தரவோடு வந்து பொருளை எடுத்துப்போகும் பெய்லிஃப் அல்ல. வீட்டுக்குள் வரவோ ஒரு பொருளைத் தொடவோ இவர்களுக்கு அதிகாரம் இல்லை. 170 என்ற அந்தக் கணக்கையும் பொருட்படுத்தவேண்டாம். கீப்பரிடம் கேட்கக்கூடிய உச்சத் தொகை முதல் நோட்டீஸில் உள்ள தொகைதான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இவற்றுக்குப் பதில் எழுதாமல் விடலாம், ஆனால் ஒன்றையும் எறியாமல் ஒரு ஃபைலில் போடுங்கள்.

அந்தக் குவியலுக்குள் ஒரு கடிதம் மட்டும் வேறானது. தலைப்பில் 'லெட்டர் ஒஃப் கிளெய்ம்' அல்லது 'லெட்டர் பிஃபோர் கிளெய்ம்' என்று இருக்கும், 30 நாள் அவகாசம் தந்து பதில் படிவமும் இணைத்திருப்பார்கள். அதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும். முறையீட்டில் எழுதிய அதே காரணங்களை எழுதினால் சரி. அதற்குப் பிறகும் வழக்குப் போட்டால் நோர்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற நிலையத்திலிருந்து வழக்குப் படிவம் வரும். வழக்குப் பதிந்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் உங்களுக்குக் கிடைத்ததாகக் கொள்வார்கள். அதிலிருந்து 14 நாளுக்குள் "கிடைத்தது, எதிர்வாதம் செய்யப்போகிறேன்" என்று இணையத்தில் பதிந்தால், எதிர்வாதத்தை எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். பிறகு தொலைபேசியில் ஒரு மணித்தியாலச் சமரசப் பேச்சு. 2024 மே மாதத்திலிருந்து சிறு தொகை வழக்குகளில் அது கட்டாயம். அதிலும் சரிவராவிட்டால்தான் விசாரணை. சிறு வழக்குகளில் தோற்றாலும் மறுபக்கத்துச் சட்டத்தரணியின் முழுச் செலவு உங்கள் தலையில் விழாது. மொத்தம் 250 பவுண்டைச் சற்றுத் தாண்டலாம். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரே எடுபட்டுவிடும். எதிர்த்து நின்று தோற்பதால் ஒருவருடைய கடன் வரலாறு கெடுவதில்லை. வழக்கு வந்ததே தெரியாமல் இருந்து தீர்ப்பு விழுந்தால்தான் கெடும். அது ஆறு வருடம் நிற்கும்.

அப்படித் தெரியாமல் போவது நமக்குள் மிகவும் நடக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கார் வாங்கும்போது ஈஸ்ற்ஹாமில் ஒரு அறையில் இருந்திருப்பார்கள், இன்ஷூரன்ஸ் குறைவு என்று சித்தப்பா வீட்டு விலாசத்தில் பதிந்திருப்பார்கள், பிறகு ஹரோவுக்கோ குரோய்டனுக்கோ மாறியிருப்பார்கள். காரின் பதிவுப் பத்திரமான லோக்புக்கில் பழைய விலாசம் அப்படியே இருக்கும். நோட்டீஸ், கடன் கடிதம், வழக்குப் படிவம் எல்லாம் அந்தப் பழைய வீட்டுக் கதவுக்குள் விழும். இரண்டு வருடம் கழித்து வீடு வாங்க வங்கிக்குப் போனால், சிசிஜே இருக்கிறது என்பார்கள். அதை இரத்துச் செய்ய 'என்244' (N244) என்ற படிவம் போடவேண்டும். அதற்கான கட்டணமே 300 பவுண்டைத் தாண்டும். நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்த விஷயம் முடியுமுன் வீடு மாறினால் டிவிஎல்ஏக்கும் இந்தக் கம்பனிக்கும், இடையில் யாராவது சட்டத்தரணி நிறுவனம் எழுதியிருந்தால் அவர்களுக்கும், புது விலாசத்தை எழுதி அறிவியுங்கள். வழக்குப் போட அவர்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். கோயில் திருவிழா நாளில் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் காரை விட்டு, உண்மையாகவே மூன்று மணித்தியாலம் கூட நின்று, பலகையும் தெளிவாக இருந்து, நோட்டீஸும் பத்தாம் நாளே வந்திருந்தால், 60 பவுண்டைக் கட்டிவிடுங்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். செம்ஸ்ஃபோர்ட் வழக்கு உங்களுக்கு எதிராக நிற்கும். சில நிமிடம்தான் கூட என்றால் கதை வேறு: நேரம் முடிந்தபின் குறைந்தது பத்து நிமிடம் சலுகை தரவேண்டும் என்று 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிமுறைக் கோவை சொல்கிறது. இயந்திரத்தில் காசு கட்டத் தாமதமானதற்காக நோட்டீஸ் வந்தாலும் எதிர்த்து நில்லுங்கள். டெர்பியில் ஒரு பெண்ணிடம், கட்டணத்தைக் கட்ட ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தார் என்பதற்காக 1,906 பவுண்ட் கேட்டு வழக்குப் போட்டார்கள். செய்தி வெளியில் வந்து பெரும் எதிர்ப்புக் கிளம்பியபின் வழக்கைக் கைவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் கோவையையும் திருத்தினார்கள். கமரா வைத்த கார் பார்க்கில் புறப்படுமுன் காசு கட்டியவருக்கு, தாமதம் என்று சொல்லி நோட்டீஸ் அனுப்ப இனி இடமில்லை.

தங்கச்சி, இந்த வார இறுதிக்குள் மூன்று வேலை. தம்பியிடம் ரசீது இரண்டையும் வாங்கிப் படம் எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள், அதில் தபால் திகதி இருக்கலாம். முறையீட்டை 14 நாள் முடியுமுன் போட்டுவிட்டு, கம்பனியின் பதில் வந்ததும் அதன் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். நிராகரித்திருந்தால் பொப்லாவுக்கோ ஐஏஎஸுக்கோ எழுதவேண்டியதைச் சேர்ந்து எழுதுவோம்.